உறவு என்கிற கட்டம்

தையல் மெஷின் ரிப்பேர் கடைக்காரரின் மனைவிக்குப் பொய் சொல்ல வராது. அதை அவள் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை. தெருவில் இருந்தவர்கள்தான் ஒரு குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "ஒரு வாரத்துல ரெடியாயிடும்மா" என்று மெக்கானிக்கான அவள் புருஷன் கடை வாசலில் யாருக்காவது வாக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, "எங்க ரெடியாகும், இன்னும் பிரிக்கவே இல்லையே" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வரும். எதிர்க்கடை டெய்லர் அவளுக்குப் 'பட்டவர்த்தனம்' என்று பெயர் வைத்திருந்தார். "பட்டவர்த்தனம் உள்ள இருக்காங்களா, வெளியே போயிருக்காங்களா?" என்று விசாரித்துக்கொண்டுதான் மெக்கானிக்கிடம் அவர் ரகசியம் எதுவும் பேசுவார்.

முன்னறை கடை, பின்னறை வீடு, நடுவில் ஒரு நீலத் திரை. கடைக்கு மேலே தகரக் கூரை. வெயில் காலத்தில் பத்து மணிக்கே உள்ளே நிற்க முடியாது. மழை பெய்தால் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. ஒரு மர பெஞ்சு, அதன் மேல் எப்போதும் நாலைந்து மெஷின் தலைகள், பாபினும் திருகாணியும் ஊசியும் கிடக்கும் பிஸ்கட் டப்பாக்கள், எண்ணெய்க் கேன், மெக்கானிக் உட்காரும் ஒயர் நாற்காலி. டப்பாக்கள் இருந்த அலமாரிக்கு மேலே மகனின் கல்யாண போட்டோ. போட்டோவில் மகன் சிரித்துக்கொண்டிருப்பான். பக்கத்தில் மருமகள், சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகத்தோடு நிற்பாள்.

மகன் டெலிவரி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். கல்யாணமாகிப் பதினோராம் மாதம் ஒரு மழைநாளில், வண்டி பாலத்துக் கைப்பிடிச் சுவரில் மோதிப் போய்விட்டான். காரியமெல்லாம் முடிந்ததும் மருமகளின் அண்ணன் வந்து கூப்பிட்டார். கூட அண்ணி வரவில்லை. அதைக் கவனித்தவள் மாமியார் ஒருத்திதான். "உங்க வீட்டுல இவளுக்கு எடம் இருக்கா, இல்ல ஊர் வாய்க்குப் பயந்து கூப்பிடறியா?" என்று முகத்துக்கு நேரே கேட்டாள். அண்ணன் டீயைக் குடித்துவிட்டுப் போனார். மருமகள் அங்கேயே இருந்துவிட்டாள்.

முதல் ஆறு மாதம் அவள் பேச்சு ஆமாம், இல்லை, சாப்பிட்டேன் என்கிற மூன்று சொல்லுக்குள் அடங்கிப்போனது. பிறகு ஒருநாள், சிதறிக் கிடந்த ஊசிகளை நம்பர் வாரியாகப் பிரித்து வைத்தாள். அடுத்து எண்ணெய் துடைத்தாள். அதற்கடுத்து ஒருநாள், மெக்கானிக் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், காலையிலிருந்து அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பழைய மெஷினின் பெல்ட் மாட்டியிருந்தது.

"யார் மாட்டினது?"

"நான்தான் மாமா. தப்பா?"

மெக்கானிக் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். தப்பு எதுவும் இல்லை. அதைச் சொல்ல மனம் வராமல், "கொஞ்சம் இறுக்கம்" என்றார். ஆனால் அன்று சாயங்காலம் மனைவியிடம், "அவ கைக்கு இது வரும்" என்றார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் இன்னொருவர் கையைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்தச் சமயத்தில்தான் ஃபைலம்மா வந்தாள். தோளில் பெரிய துணிப்பை, அதில் ஏழெட்டு ஃபைல், நடந்து நடந்து தேய்ந்த செருப்பு. சின்னக் கடைகளுக்குத் தொழில் பழக ஆள் சேர்த்துவிடும் திட்டம் ஒன்றின் வேலை அவளுக்கு.

"உங்களை மாதிரி ஒத்தை ஆளா கடை நடத்தறவங்களுக்குத்தான் சார் இது. ஒருத்தரைச் சேர்த்துக்குங்க. ஒரு வருஷம் கத்துக்குடுங்க. கடைசியில நாங்க பரீட்சை வச்சு சர்டிபிகேட் தருவோம். பேப்பர் வேலை பூரா நான் பார்த்துக்கறேன்."

"எனக்குக் கத்துக்குடுக்கல்லாம் வராதும்மா."

"அதையும் நான் கத்துக்குடுக்கறேன்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்" என்றாள் ஃபைலம்மா. எதிர்க்கடை டெய்லர் வாய்விட்டுச் சிரித்தார்.

மெக்கானிக் சிரிக்கவில்லை. ஊசி டப்பாவின் முன்னால் குனிந்திருந்த மருமகளைப் பார்த்தார். பெரிய தையல் கம்பெனிகளில் மெஷின் பார்க்கிற ஆளுக்குச் சர்டிபிகேட் இல்லாமல் கேட்டுக்குள்ளேயே விடுவதில்லை என்பது அவருக்குத் தெரியும். அவரையே இரண்டு தடவை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். "இந்தப் பொண்ணைச் சேர்த்துக்கலாமா?" என்று கேட்டார்.

"தாராளமா" என்று ஃபைலம்மா படிவத்தை விரித்தாள். வயசு எழுதினாள், படிப்பு எழுதினாள். "உங்களுக்கும் இவங்களுக்கும் என்ன உறவு? சும்மா கேக்கறேன் சார், ஒரு கட்டம் இருக்கு. சொந்தக்காரங்களா இருந்தா சேர்க்க முடியாது. வீட்டு ஆளுங்க பேரைப் போட்டுட்டு எதுவும் கத்துக்குடுக்காம ஏமாத்தறாங்கன்னு போன வருஷம்தான் ரூல் போட்டாங்க. தெரிஞ்சா சர்டிபிகேட்டை ரத்து பண்ணிடுவாங்க."

டீ டம்ளர்களோடு திரையை விலக்கிக்கொண்டு வந்த மாமியார் அப்படியே நின்றாள். பதில் அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மெக்கானிக் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கமில்லாதது. கெஞ்சல் மாதிரி இருந்தது. மருமகள் எண்ணிக்கொண்டிருந்த ஊசிகளை விட்டுவிட்டாள்.

"உறவு இல்லை" என்றார் மெக்கானிக்.

'இல்லை' என்று எழுதி, அதன் கீழே அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாள் ஃபைலம்மா. மாமியார் டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வாயைத் திறக்காமல் அவள் ஓர் இடத்தைவிட்டு நகர்ந்தது அந்தத் தெருவின் சரித்திரத்திலேயே அன்றுதான்.

ஃபைலம்மா போனபிறகு புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க வார்த்தை அது? உறவு இல்லையா? உங்க புள்ள கட்டிக்கிட்டு வந்தவ. அவன் போயிட்டா உறவும் போயிடுமா?"

"பேப்பர்லதானே சொன்னேன்."

"வாயாலயும்தானே சொன்னீங்க. என் காதால கேட்டேனே."

"நம்ம காலத்துக்கு அப்புறம் இவ யார் வீட்டு வாசல்லயும் போய் நிக்கக் கூடாது. கையில தொழில் இருக்கணும், தொழிலுக்கு ஒரு பேப்பர் இருக்கணும். அதுக்கு ஒரு வார்த்தை பொய் சொன்னா என்ன கெட்டுப்போச்சு?"

"பேப்பர் வந்தா போயிடுவா."

இதைச் சொன்னபிறகுதான் தன் பயம் என்ன என்று மாமியாருக்கே தெரிந்தது. மெக்கானிக் சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போகட்டுமே" என்றார். "போனா நல்லாத்தானே இருப்பா."

மறுநாள் ஒத்திகை ஆரம்பித்தது. ஃபைலம்மா மாதம் இரண்டு தடவை வருவாள், சமயத்தில் கூடவே பெரிய அதிகாரியும் வருவார். அவர்கள் முன்னால் 'மாமா' என்று கூப்பிட்டுத் தொலைத்தால்?

"ஊர்ல எல்லாரும்தான் எல்லாரையும் மாமாங்கறாங்க" என்றார் டெய்லர்.

"வேண்டாம். 'சார்'னு கூப்பிடு" என்றார் மெக்கானிக்.

மருமகளுக்கு வாய் வரவில்லை. 'மாஸ்டர்' என்று பார்த்தார்கள். அது டெய்லரைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. கடைசியில் 'ஓனர்' என்று முடிவாயிற்று. முதல் நாள் 'ஓனர் மாமா' என்று கூப்பிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகன் போனபிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. கோபமாக இருந்த மாமியாரும் உள்ளே அரிசி களைந்துகொண்டே சிரித்துவிட்டாள்.

சொன்ன சொல் நாக்கில் ஏறிக்கொண்டது. மூன்று மாதத்தில் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும், "ஓனர், இன்னொரு முட்டை வைக்கட்டுமா?" என்றுதான் வந்தது. "இங்க யாரு பார்க்கறாங்க, மாமான்னு கூப்பிடேன்" என்று மாமியார் சொல்லிப் பார்த்தாள். "ஒரு வாய்ல ரெண்டு பேரு வச்சுக்கிட்டா மாட்டிப்பேன் அத்தை" என்றாள் மருமகள். அது நியாயம்தான். ஆனாலும் மாமியாருக்குச் சோறு இறங்கவில்லை.

கற்றுக்கொடுப்பதில் மெக்கானிக் அசல் மக்கு. மருமகள் ஸ்குருவில் கை வைத்ததும், "தள்ளு, தள்ளு" என்று பிடுங்கி அவரே முடித்துவிடுவார். "பார்த்தியா?" என்பார். அவருடைய முதுகைத்தான் அவள் பார்த்திருப்பாள். ஃபைலம்மா இரண்டு மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து இதையெல்லாம் கவனித்தாள்.

"சார், உங்க கைதான் பிரச்சினை" என்றாள்.

"என் கைக்கு என்ன?"

"சும்மா இருக்க மாட்டேங்குது. அவங்க தப்புப் பண்ணட்டும். தப்பைத் தேடட்டும். அவங்களே கண்டுபிடிக்கிற வரைக்கும் நீங்க தொடவும் கூடாது, பேசவும் கூடாது."

"முடியாதும்மா. தானா போகுது."

"அப்ப கைமேல உக்காருங்க."

விளையாட்டுக்குச் சொன்னாளோ என்னவோ, மெக்கானிக் நிஜமாகவே இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, ஒயர் நாற்காலியில் அவற்றின் மேல் உட்கார்ந்தார். மருமகள் நூல் டென்ஷன் திருகைத் தப்புப் பக்கம் திருப்பினாள். அவர் உடம்பு பூரா ஒரு தடவை முறுக்கிக்கொண்டது. வாய் திறந்து மூடிக்கொண்டது. நாலு நிமிஷம் கழித்து, "ஓ, இந்தப் பக்கமா" என்று அவளே திருப்பிக்கொண்டாள். மெக்கானிக் பெருமூச்சு விட்டார். "பிரசவ வலியாட்டம் இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு அது கடையின் வழக்கமாகிவிட்டது. மருமகள் மெஷினைப் பிரித்தால் மெக்கானிக் கைமேல் உட்கார்ந்துவிடுவார். "ஓனர், இது சரியா?" என்று அவள் கேட்பாள். பதில் வராது. பதில் வராவிட்டால் தேடு என்று அர்த்தம். அவள் தேடுவாள். கண்டுபிடித்தால் ஒரே ஒரு தடவை தலையை ஆட்டுவார். அந்தத் தலையாட்டலுக்காக அவள் சாப்பாட்டைக்கூட மறந்து உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. சாயங்காலம் ஒரு நோட்டில் அன்றைக்குக் கற்றுக்கொண்டதை எழுதுவாள், அவர் கையெழுத்துப் போடுவார். நாற்காலியின் ஒயர்க் கோடுகள் அவர் புறங்கையில் வரிவரியாகப் பதிந்திருக்கும்.

ஏழாவது மாதம் பெரிய அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. கடையைத் துடைத்தார்கள், டப்பாக்களை அடுக்கினார்கள், எல்லாம் முடிந்தபிறகு மூன்று பேரும் ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்தார்கள்.

போட்டோ.

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். மாமியார் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள்.

"நான் எறக்கறேன்" என்றார் மெக்கானிக்.

"வேண்டாம். நானே எறக்கறேன். பெத்தவதானே எறக்கணும்."

முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, அடுப்படியில் அரிசி டின்னுக்குப் பின்னால் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள். அதிகாரி வந்தார், பார்த்தார், "நல்ல முயற்சி" என்று சொல்லிவிட்டுப் போனார். இத்தனை மாதமும் அந்தப் போட்டோவுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஃபைலம்மா மட்டும் சுவரில் வெளுத்துத் தெரிந்த சதுரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் கேட்கவில்லை. அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் மாமியார் போட்டோவை எடுத்துக்கொண்டு ஓடிவந்து மாட்டினாள். மாட்டும்போது, "ஒரு மணி நேரம்தாண்டா, கோவிச்சுக்காத" என்று அவள் முணுமுணுத்தது மருமகளின் காதில் விழுந்தது. அன்று முழுக்க மருமகள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பதினோராவது மாதம் மெக்கானிக்குக்கு இடது தோள் வலிக்க ஆரம்பித்தது. "மெஷின் தலையைத் தூக்கித் தூக்கி வந்த வலி" என்றார். எண்ணெய் சூடு பண்ணித் தேய்த்துக்கொண்டார். "டாக்டரைப் பாருங்களேன்" என்றாள் மனைவி. "பரீட்சை முடியட்டும்" என்றார். பரீட்சை அவருக்கு இல்லை, மருமகளுக்குத்தான். ஆனாலும் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி காலண்டரில் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

பரீட்சையில் கட்டாயம் ஒரு வேலை வரும் என்று ஃபைலம்மா சொல்லியிருந்தாள். தையல் விட்டுவிட்டு விழுகிற மெஷினைச் சரிசெய்வது. ஊசி கீழே போய்த் திரும்பி மேலே ஏறத் தொடங்குகிற அந்தக் கணத்தில், கீழ்நூல் இருக்கும் ஷட்டிலின் கொக்கி வந்து நூலைப் பிடிக்க வேண்டும். ஒரு மயிரிழை முந்தினாலும் தையல் விழாது, பிந்தினாலும் விழாது. டைமிங் என்பார் மெக்கானிக். மருமகளுக்கு மற்றதெல்லாம் வந்துவிட்டது. அது மட்டும் பிடிகொடுக்கவில்லை. ஐந்து தடவை முயன்று ஐந்து தடவையும் கடைசியில் மெக்கானிக்தான் கையை விடுவித்துக்கொண்டு எழுந்து வரவேண்டியிருந்தது.

பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. காலையிலேயே தகரம் கொதித்தது. மெக்கானிக் ஒரு நல்ல மெஷினின் டைமிங்கை வேண்டுமென்றே கலைத்து பெஞ்சில் வைத்தார். "இன்னிக்கு நான் எழுந்து வரமாட்டேன். மத்தியானம் ஆனாலும் சரி, சாயங்காலம் ஆனாலும் சரி" என்றார். கைமேல் உட்கார்ந்தார். மாமியார் காலைச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவி, துணி துவைத்துப் பின்பக்கம் உலர்த்தி, டீ போட்டு, ரஸ்க் பாக்கெட்டைப் பிரித்து எடுத்துக்கொண்டு வந்தபோது மணி பதினொன்றரை.

திரையை விலக்கும்போதே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. ஒரே சீராக, விக்கல் இல்லாமல் ஓடியது. மருமகளின் முகத்தில் வியர்வை ஊற்றியது. ஒரு கந்தல் துணியில் நீளமாக ஒரு தையல், ஓர் இடத்தில்கூட விடாமல் விழுந்துகொண்டிருந்தது. மாமியாரைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள். கண்கள் இரண்டும் மின்னின.

"பேசாதீங்க அத்தை. நானே கண்டுபிடிச்சுட்டேன். ஓனர் ஒரு வார்த்தை சொல்லல. மூணு தடவை கேட்டேன், அசையவே இல்ல. இன்னிக்குத்தான் சொன்ன சொல்லைக் காப்பாத்தினார்."

மெக்கானிக் நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்து, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். கைகள் இரண்டும் தொடைக்கு அடியில் இருந்தன.

"ஏங்க, டீ" என்றாள் மாமியார்.

டீயைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்தாள். குனிந்து முகத்தைப் பார்த்தாள். வலது கையைப் பிடித்து மெதுவாக வெளியே இழுத்தாள். அவ்வளவு வெயிலில், அவ்வளவு நேரம் உடம்பின் கீழே இருந்த கை சில்லென்று இருந்தது. ஒயர்க் கோடுகள் அதில் ஆழமாகப் பதிந்திருந்தன.

மருமகள் இன்னும் மெஷினை நிறுத்தவில்லை. தலையாட்டலுக்காகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெருமுனை டாக்டர் வந்தார். மாமியாரை மட்டும் வாசலுக்கு அழைத்துப்போய், "போய் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகியிருக்கும்மா" என்றார். "மாரடைப்பு. சத்தமே வந்திருக்காது. உடனே யாராவது பார்த்திருந்தா..." என்று ஆரம்பித்து, அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "பார்த்திருந்தாலும் சொல்ல முடியாது" என்று முடித்தார். மாமியார் திரும்பிக் கடைக்குள் பார்த்தாள். மருமகள் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அழக்கூட இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குள் தெருவே கடைவாசலில் கூடிவிட்டது. பெஞ்சிலிருந்த மெஷின்களையெல்லாம் ஒதுக்கி, அதே பெஞ்சில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் மாமியார் உட்கார்ந்திருந்தாள். கால்மாட்டில் மருமகள். டெய்லர் கடையைச் சாத்திவிட்டு, வருகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் முதலில் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"அந்த ஃபைலம்மா வர்றாங்க. கூட பெரிய அதிகாரியும் வர்றார். மாலை வாங்கிட்டு வர்றாங்க."

மாமியார் சுவரைப் பார்த்தாள். போட்டோ மேலேயே இருந்தது. இறக்க ஸ்டூல் வேண்டும், இவ்வளவு பேரையும் தாண்டிப் போகவேண்டும். டெய்லர் ஒரு நொடி யோசித்தார். அலமாரிக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருந்த பெரிய குடையை எடுத்து விரித்து, காயப்போடுகிற மாதிரி, போட்டோ மறைய அலமாரி ஆணியில் மாட்டிவிட்டார். மழை பெய்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

மருமகள் எழுந்தாள். கால்மாட்டிலிருந்து நகர்ந்து, பக்கத்து வீட்டுப் பெண்களின் வரிசைக்குப் பின்னால் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. பதினோரு மாதப் பழக்கம், கால் தானாகப் போயிற்று.

அதிகாரி மாலையைப் போட்டுவிட்டு, சற்று நேரம் கைகட்டி நின்றார். நல்ல மனுஷன்தான். நிஜமாகவே வருத்தப்பட்டார். "இவர் கடையைத்தான்மா நான் எல்லா மீட்டிங்லயும் உதாரணமாச் சொல்வேன்" என்றார். அப்புறம் தயங்கினார். "இந்த நேரத்துல கேக்கறது தப்பு. ஆனா பரீட்சைக்கு நாள் இல்ல. கத்துக்குடுத்தவர் இல்லாம போயிட்டா, குடும்பத்துல ஒருத்தர் எழுதிக்குடுத்தா போதும், அந்தப் பொண்ணு பரீட்சை எழுதலாம். இல்லேன்னா ஒரு வருஷமும் வீண்."

சுவரோரம் நின்றவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் கண்கள் வீங்கியிருந்தன. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப அழுதிருக்கே அந்தப் பொண்ணு" என்றார். சந்தேகம் எதுவும் இல்லாமல் சாதாரணமாகத்தான் கேட்டார். "உங்களுக்கு சொந்தமாம்மா?"

ஃபைலம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டெய்லர் மூச்சை அடக்கிக்கொண்டார். பட்டவர்த்தனத்தின் வாய் அவருக்குத் தெரியும். அந்தக் கடையில் கூடியிருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

மாமியார் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். இனி அவரால் கெஞ்ச முடியாது. மருமகளைப் பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே அறையில், இதே இடத்தில், மகனின் காலைக் கட்டிக்கொண்டு கிடந்தவள். இவளுக்கு இன்றைக்குக் கால்மாட்டில் இடம் கொடுத்தால் நாளைக்குப் பிழைக்க இடம் இல்லை.

"இல்லங்க" என்றாள். குரல் தெளிவாக வந்தது. "உறவு இல்லை. எங்ககிட்ட வேலை பழகின பொண்ணு. எங்க எழுதணும்?"

ஃபைலம்மா கட்டத்தைக் காட்டினாள். மாமியார் எழுத்துக் கூட்டி 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சுவரோரத்தில் மருமகள் அழுகையை விழுங்கிக்கொண்டு நின்றாள். கடையில் வேலை பழகியவள் முதலாளிக்காக எவ்வளவு அழலாமோ, அவ்வளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அவரைத் தூக்கிக்கொண்டு போனபோதும் அவள் முன்னால் வரவில்லை.

சாயங்காலம் எல்லோரும் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டிலிருந்து வந்த சோறு மூடி வைத்தபடியே இருந்தது. டெய்லர் குடையை எடுத்து மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தார். மகன் சிரித்துக்கொண்டிருந்தான். மாமியார் கடைக்கதவைச் சாத்திவிட்டு வந்து, மருமகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"இப்ப அழு" என்றாள். "யாரும் இல்ல. கத்தி அழு."

மருமகள் அழவில்லை. ஒயர் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து டாக்டர் உங்களைத் தனியா கூட்டிட்டுப் போய் என்ன அத்தை சொன்னார்?"

மாமியார் மூடியிருந்த சோற்றுப் பாத்திரத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"பத்து மணிக்கு ஒரு தடவை கேட்டேன். ஓனர், கொக்கி முந்துதான்னு. பதில் வரல. அப்புறம் பத்தேகாலுக்கு. அப்புறம் ஒரு தடவை. நான் பாடம்னு நினைச்சேன். திரும்பிக்கூடப் பார்க்கல அத்தை. ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தா... என்ன சொன்னார் டாக்டர்? எப்ப போனாராம்?"

தகரம் குளிர்ந்து 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டது. மாமியார் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எண்ணெயும் அழுக்கும் ஏறிய விரல்கள். நகக்கண்ணில் கறுப்பு. அவர் கை மாதிரியே ஆகியிருந்தது.

"அஞ்சு நிமிஷம்கூட ஆகலைன்னார்" என்றாள். "நான் டீ எடுத்துட்டு வரும்போதுதான் போயிருக்கார்."

"அப்ப மெஷின் ஓடினது?"

"அதைக் கேட்டுட்டுத்தான் போயிருக்கார்."

"நான் கூப்பிட்டது?"

"அதுவும் கேட்டிருக்கும். வீம்புக்குப் பேசாம இருந்திருக்கார். எழுந்து வரமாட்டேன்னு காலையிலயே சொல்லலியா?"

மருமகள் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். மாமியார் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் தெரிந்துவிடும்.

"உங்களுக்குத்தான் பொய் சொல்ல வராதே அத்தை" என்றாள் மருமகள், மெதுவாக.

"வராது" என்றாள் மாமியார்.

மருமகள் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "மாமா" என்று ஒரு குரல் எடுத்தாள். தெருமுனைவரைக்கும் கேட்டது.